விளக்கை அணைத்தால் வெளிச்சம் தெரியும்

மே மாதக் கடைசி வந்துவிட்டால் மும்பைத் தமிழர்கள் சந்திக்கும் இடங்களில் இரண்டு கேள்விகள்தான் கேட்கும். ஒன்று, ஊருக்குப் போக டிக்கெட் கிடைத்ததா? இரண்டு, மழை எப்போது இறங்கும்? சில ஆண்டுகளாக மூன்றாவதாக ஒரு கேள்வியும் சேர்ந்துகொண்டிருக்கிறது. "பண்டார்தரா போகலாமா? மின்மினி பார்த்துவிட்டு வரலாமா?"

இந்த மூன்றாவது கேள்வியைக் கிளப்பிவிட்டவர்களில் அடியேனும் ஒருவன். அதனால்தான் இதை எழுத வேண்டிய கடமையும் எனக்கு வந்திருக்கிறது.

நான் ரயில்வேயில் சரக்கு அலுவலகக் குமாஸ்தா. படிப்பு பத்தாம் வகுப்பு. வேலை நேரம் போகச் சங்க விழா, கோயில் கொடை, குழாயில் தண்ணீர் வராத கதை என்று நம் பகுதிச் செய்திகளை எழுதி அனுப்புகிறவன். மூன்று வருஷங்களுக்கு முன் பண்டார்தராவில் மின்மினிகள் மரம் மரமாக மினுக்குவதைப் பற்றிச் சின்னதாக ஒரு செய்தி எழுதினேன். "குடும்பத்துடன் சென்று காண வேண்டிய கண்கொள்ளாக் காட்சி" என்று முடித்திருந்தேன். தாராவியிலிருந்தும் கல்யாணிலிருந்தும் பல அன்பர்கள் போனார்கள். போய் வந்து போனில் நன்றி சொன்னார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

போன ஜூன் மாதம் நானே மறுபடியும் போய்ப் பார்த்தேன். பெருமை இறங்கிவிட்டது.

கோட்டி வழியாக...

இடம் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். பண்டார்தரா, அகமதுநகர் மாவட்டத்தில் (இப்போது அகில்யாநகர் என்று பெயர் மாறியிருக்கிறது) அகோலே தாலுகாவில், சகாயாத்ரி மலைமேல் இருக்கிறது. பிரவரா ஆற்றை மறித்து வெள்ளைக்காரர் காலத்தில் கட்டிய வில்சன் அணை அங்கேதான் உண்டு. மகாராஷ்டிரத்திலேயே உயரமான சிகரமான களசூபாய், 1,646 மீட்டர், பக்கத்தில் நிற்கிறது. சுற்றியுள்ள காட்டை 1986-ல் களசூபாய் ஹரிச்சந்திரகட் சரணாலயமாக அறிவித்தார்கள். ரயிலில் போனால் இகத்புரியில் இறங்கி, கோட்டி வழியாக மலையேற வேண்டும். (திருநெல்வேலிக்காரர்கள் சிரிக்க வேண்டாம். அது ஊரின் பெயர்.)

அங்கே உள்ள ஊர்களில் பெரும்பாலும் மகாதேவ் கோலி ஆதிவாசி மக்கள் வாழ்கிறார்கள். மழையை நம்பி நெல் போடுகிறார்கள். அறுவடை முடிந்தால் அவர்களில் பலர் கூலி வேலை தேடிக் கீழே இறங்கிவிடுகிறார்கள். பிழைப்புக்காக ஊரை விட்டு வந்த நமக்கு அவர்கள் நிலைமை அந்நியமானதல்ல.

கோடை முடிந்து முதல் தூறல் விழுந்ததும் மின்மினிகள் வெளிவரும். மராத்தியில் "காஜ்வா" என்பார்கள். கடுக்காய், தான்றி, மருதம், நாவல் போன்ற மரங்களில் கூட்டமாக உட்கார்ந்து மினுக்கும். கனமழை பிடித்துக்கொண்டால் ஆட்டம் முடிந்தது. மூன்று நாலு வாரம்தான் இந்தக் காட்சி.

நாங்கள் செய்த காரியம்

பதினேழு பேர் சேர்ந்து ஒரு வேன் பேசிக்கொண்டு சனிக்கிழமை மத்தியானம் கிளம்பினோம். இருட்டும் நேரத்தில் அணைக்கரைச் சாலைக்குப் போய்ச் சேர்ந்தோம். அங்கே பார்த்தது மின்மினி அல்ல. கார்கள்! மூக்கும் வாலும் முட்ட வரிசையாகக் கார்கள். முன்விளக்கு, பின்விளக்கு, மஞ்சள் விளக்கு. ஒரு காரில் பாட்டு. இன்னொரு காரில் ஹாரன். தாதர் பாலத்தை அப்படியே பெயர்த்து மலைமேல் வைத்தது போல இருந்தது.

மற்றவர்களைக் குறை சொல்லி எழுதிவிட்டுப் போவது சுலபம். ஆனால் நாங்கள் மட்டும் யோக்கியமா? பெண்கள் இறங்க வசதியாக இருக்கட்டும் என்று எங்கள் டிரைவர் முன்விளக்கை அணைக்கவே இல்லை. பையன்கள் இறங்கியதும் செல்போன் விளக்கைப் போட்டு மரங்களின்மேல் அடித்தார்கள். அடித்தால் என்ன தெரியும்? இலைதான் தெரியும். "எங்கே மின்மினி, ஒன்றையும் காணோமே?" என்று எங்களில் ஒருவர் என்னையே கேட்டார். எங்கள் கூட்டத்தில் ஒன்பது வயதுப் பையன் ஒருவன் புல்லில் கிடந்த ஏழெட்டுப் பூச்சிகளைப் பிடித்துத் தண்ணீர் பாட்டிலில் போட்டு மூடிக்கொண்டான். பெரியவர்கள் பார்த்துச் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

அப்போது சாலையோரம் நின்ற ஓர் ஊர்ப் பெரியவர் எங்களிடம் வந்தார். கோபமில்லை. கெஞ்சுகிற குரலில், "லைட் பந்த் கரா, பாவூ" என்றார். விளக்கை அணையுங்கள் தம்பி என்று பொருள். அணைத்தோம். எங்களுக்குப் பின்னால் நின்ற இரண்டு கார்களிலும் போய் அதையே சொன்னார். அவர்களும் அணைத்தார்கள்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. கண்ணில் வெளிச்சத்தின் மிச்சம் பச்சையாக மிதந்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் கண் பழகியது. புல்லில் ஒன்று மினுக்கியது. மரத்தடியில் பத்து. பிறகு எங்கள் எதிரே நின்ற மரம் முழுவதும் அடியிலிருந்து நுனிவரை ஒரு தடவை எரிந்து அணைந்தது. மறுபடி எரிந்தது. பதினேழு பேரில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. எங்களோடு வந்த வயதான அம்மாள் ஒருவர் மட்டும் கையெடுத்துக் கும்பிட்டார்.

பத்து நிமிஷம் இருக்கும். மேட்டிலிருந்து அடுத்த கார் திரும்பியது. இரண்டு முன்விளக்குகளும் மரத்தின்மேல் விழுந்தன. மரம் அணைந்துவிட்டது.

திரும்பும் வழியில் அந்தப் பையன் பாட்டிலை எடுத்துப் பார்த்தான். வேனுக்குள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. "அப்பா, இது வெறும் கறுப்புப் பூச்சி" என்று சொல்லிப் பாட்டிலைச் சீட்டுக்கு அடியில் போட்டுவிட்டான்.

அது வேடிக்கை அல்ல, சிக்னல்

மின்மினி நமக்காக மினுக்கவில்லை. அது வண்டு இனத்தைச் சேர்ந்த பூச்சி. அதன் வயிற்றின் கடைசிக் கணுக்களில் ஒளி உண்டாக்கும் உறுப்பு இருக்கிறது. லூசிஃபெரின் என்ற பொருளும் லூசிஃபெரேஸ் என்ற நொதியும் பிராணவாயுவோடு சேரும்போது வெளிச்சம் பிறக்கிறது. நம் வீட்டுக் குண்டு பல்பு சூட்டிலேயே மின்சாரத்தைப் பெரும்பாலும் வீணடிக்கும். மின்மினியின் வெளிச்சத்தில் சூடு என்பதே அநேகமாகக் கிடையாது.

எதற்கு இந்த வெளிச்சம்? பெரும்பாலான மின்மினி இனங்களில் இது ஆணும் பெண்ணும் பேசிக்கொள்ளும் மொழி. ஆண் பறந்துகொண்டே ஒரு கணக்கில் மினுக்கும். பெண் புல்லிலோ தழையிலோ இருந்து பதில் மினுக்கும். ஒவ்வோர் இனத்துக்கும் மினுக்கும் கணக்கு வேறு. பதில் கிடைத்தால் ஜோடி சேரும். புழுப் பருவத்தில் மாதக்கணக்கில், சில இனங்கள் ஒன்றிரண்டு வருஷம்கூட, மண்ணில் கிடந்து நத்தையும் மண்புழுவும் தின்று வளர்கிறது. சிறகு முளைத்து வெளியே வந்த பிறகு அதற்கு ஆயுள் சில வாரங்கள்தான். அந்தச் சில வாரத்துக்குள் பேசி முடிக்க வேண்டும். முடியாவிட்டால் அதன் வம்சம் அதோடு நின்றுபோகும்.

ரயில்வேக்காரனுக்கு இது சட்டென்று புரியும். இரவில் எங்களுக்கு விளக்குதான் பேச்சு. சிவப்பு என்றால் நில். மஞ்சள் என்றால் ஜாக்கிரதையாகப் போ. பச்சை என்றால் போ. வண்டியின் பின்னால் கார்டு காட்டும் பச்சை விளக்கைப் பார்த்துத்தான் வண்டி நகரும். தண்டவாளத்துக்குப் பக்கத்தில் சம்பந்தமில்லாத ஒருவன் நின்று சிவப்பும் பச்சையுமாக விளக்கை ஆட்டினால் என்ன ஆகும்? அவனை வேடிக்கை பார்க்க வந்தவன் என்று சும்மா விடுவோமா?

பண்டார்தராவில் நாம் செய்வது அதுதான். ஆயிரக்கணக்கான சிறு உயிர்கள் சிக்னல் போட்டுக்கொண்டிருக்கும் இடத்தில், சிக்னல் தெரியாதபடி முன்விளக்கைப் பாய்ச்சுகிறோம். பெண் பூச்சிகள் உட்கார்ந்திருக்கும் புல்லை மிதிக்கிறோம். போதாதென்று பாட்டிலிலும் அடைக்கிறோம்.

இது என் சொந்தக் கற்பனை அல்ல. உலகில் மின்மினிகளை ஆராய்பவர்களிடம் கருத்துக் கேட்டு, அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாரா லூயிஸ் அம்மையாரும் மற்றவர்களும் 2020-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மின்மினிகளுக்கு வந்திருக்கும் பெரிய ஆபத்துகள் மூன்று என்றார்கள். வாழும் இடம் அழிவது, இரவில் மனிதன் போடும் வெளிச்சம், பூச்சிமருந்து. முதலாவதுக்கும் மூன்றாவதுக்கும் நாம் யார் யாரையோ கை காட்டலாம். நடுவில் உள்ளதற்கு நம் கையில் இருக்கும் செல்போனே சாட்சி.

கொட்டகையில் இருந்த மரியாதை

இருட்டில் வெளிச்சம் பார்க்கும் பழக்கம் நமக்குப் புதிதா? இல்லவே இல்லை.

திருவண்ணாமலையில் கார்த்திகை தீபத்தன்று 2,668 அடி மலை உச்சியில் கொப்பரையில் நெய்யும் திரியும் தயாராக இருக்கும். கீழே லட்சக்கணக்கான ஜனங்கள் கழுத்து வலிக்க மேலே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். பல வீடுகளில் மலைத் தீபம் தெரிந்த பிறகுதான் வாசலில் அகல் ஏற்றுவார்கள். அதுவரை காத்திருப்பதுதான் அந்த வெளிச்சத்துக்கு நாம் செய்யும் மரியாதை.

என் சின்ன வயதில் எங்கள் ஊருக்குத் தோல்பாவைக் கூத்துக்காரர்கள் வருவார்கள். ஒரு வெள்ளைத் துணி, பின்னால் ஒரு விளக்கு, ஆட்டுத்தோலில் செய்த ராமரும் அனுமாரும். தெருவே இருட்டில் உட்கார்ந்து பார்க்கும். கூத்து நடத்திய குடும்பத்தார் தங்களுக்குள் மராத்தியில் பேசிக்கொள்வார்கள். அன்று அது என்ன பாஷை என்றே எனக்குத் தெரியாது. மும்பைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. அவர்கள் முன்னோர் இங்கிருந்து பிழைக்க அங்கே போனார்கள். நாம் அங்கிருந்து பிழைக்க இங்கே வந்திருக்கிறோம். அவர்கள் விளக்கு எரிய நம் தெரு இருட்டைக் கொடுத்தது. அவர்கள் தாய்மண்ணின் காட்டுக்கு நாம் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டாமா?

என் தகப்பனார் டூரிங் டாக்கீஸ் கதை சொல்வார். கீற்றுக் கொட்டகையில் பொழுது சாய்ந்த பிறகுதான் முதல் ஆட்டம். படம் ஓடும்போது யாராவது படுதாவைத் தூக்கினால் போதும், "ஏலே, படுதாவை விடுலே!" என்று தரை டிக்கெட் முழுவதும் சத்தம் போடுமாம். திரையில் வெளிச்சம் விழ வேண்டுமானால் கொட்டகை இருட்டாக இருக்க வேண்டும் என்பது படிக்காத ஜனங்களுக்கும் தெரிந்திருந்தது.

இன்றைய புதுமைகளும் இப்படித்தான். 2022 ஜனவரியில் டில்லி விஜய் சவுக்கில் ஆயிரம் டிரோன்களைப் பறக்கவிட்டு வானத்தில் படம் போட்டார்கள். அதைப் பகல் பன்னிரண்டு மணிக்குக் காட்ட முடியுமா? எத்தனை கோடி செலவு செய்த வெளிச்சமானாலும் இருட்டை மட்டும் இரவிடம்தான் வாங்க வேண்டும்.

கொட்டகையில் காட்டிய மரியாதையைக் காட்டில் ஏன் மறந்தோம்? கொட்டகையில் டிக்கெட் வாங்கினோம். காட்டில் யாரும் டிக்கெட் கேட்கவில்லை. இலவசம் என்றால் நமக்கு இளப்பம். இதுதான் காரணம் என்பது என் தாழ்மையான கருத்து.

தடை போட்டால் தீருமா?

"ஒரேயடியாகத் தடை போட்டுவிட வேண்டும்" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் அந்தக் கட்சி இல்லை.

முதல் காரணம், அந்த ஊர் மக்கள். மின்மினி பார்க்க வருகிறவர்களுக்குத் தங்க இடமும், பாக்ரியும் பிட்லாவும் கொடுத்து அவர்கள் நாலு காசு பார்ப்பது இந்த மூன்று நாலு வாரம்தான். நெல் நாற்று விடும் செலவுக்கு அது உதவும். தடை வந்தால் அந்தக் காசு போய்விடும். காசு போனால் மரத்தைக் காக்க வேண்டும் என்ற அக்கறையும் குறைந்துவிடும்.

தாய்லாந்தில் அம்பாவா என்ற ஊரில் நடந்தது ஒரு பாடம். ஆற்றங்கரை மரங்களில் மினுக்கும் மின்மினிகளைக் காட்ட மோட்டார் படகுகள் இரவெல்லாம் ஓடின. லாபம் படகுக்காரர்களுக்கு. சத்தம் கரையில் குடியிருந்தவர்களுக்கு. தொல்லை பொறுக்காமல் சில வீட்டுக்காரர்கள் தங்கள் வாசலில் நின்ற மரங்களையே வெட்டித் தள்ளினார்கள். மரமும் போயிற்று, மின்மினியும் போயிற்று. ஊர்க்காரனுக்குப் பங்கு இல்லாத வேடிக்கை நிலைக்காது.

இரண்டாவது காரணம், நம்மைப் போன்றவர்கள். பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேர் படுத்து எழுந்திருக்கும் குடும்பத்துப் பிள்ளை, மும்பை வானத்தில் நட்சத்திரத்தையே எண்ணி விடலாம் என்று நினைக்கும் பிள்ளை, வருஷத்தில் ஒரு தடவை ஒரு மரம் மினுக்குவதைப் பார்க்கட்டுமே! தடை போட்டால் சொந்த பங்களாவும் தோட்டமும் வைத்திருப்பவன் எப்படியாவது பார்த்துக்கொள்வான். எஸ்.டி. பஸ்ஸில் வருகிறவனுக்குத்தான் கதவு அடைபடும்.

ஆகையால் நான் கேட்பது இது. ஆட்களை எண்ணாதீர்கள், கார்களை எண்ணுங்கள். ஒரு பஸ்ஸில் ஐம்பது பேர் வரலாம், இரண்டே முன்விளக்கு. அதே ஐம்பது பேர் பன்னிரண்டு கார்களில் வந்தால் இருபத்து நாலு முன்விளக்கு! மின்மினிக் காலத்தில் மாலைக்கு மேல் தனி வண்டிகளை ஊர் எல்லையிலேயே நிறுத்திவிட வேண்டும். அங்கிருந்து ஊர் இளைஞர்கள் வழிகாட்டி நடத்திக்கொண்டு போகட்டும். அதற்கு ஒரு கட்டணம் வைக்கட்டும். அந்தப் பணம் ஊருக்குப் போகட்டும்.

நடக்காத காரியமா இது? அமெரிக்காவில் கிரேட் ஸ்மோக்கி மலைத் தேசியப் பூங்காவில் மின்மினிக் காலத்தில் குலுக்கல் போட்டுத்தான் வண்டிகளுக்கு அனுமதி. டார்ச் விளக்கில் சிவப்புத் தாள் ஒட்டச் சொல்கிறார்கள். பாதையை விட்டு இறங்கக் கூடாது.

அமெரிக்கா எதற்கு? நம் மகாராஷ்டிரத்திலேயே உதாரணம் இருக்கிறது. நாகபுரிக்குப் பக்கத்தில் உள்ள பெஞ்ச் புலிகள் காப்பகம் 2024 ஜனவரியில் இருள்வானப் பூங்கா என்ற சர்வதேச அங்கீகாரம் பெற்றது. இந்தியாவில் அதுதான் முதல். அதற்காகப் பக்கத்துக் கிராமங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட தெருவிளக்குகளை, வெளிச்சம் வானத்துக்குப் போகாமல் தரையில் மட்டும் விழும்படி மாற்றினார்கள். தெருவும் இருண்டுவிடவில்லை, நட்சத்திரமும் தெரிகிறது. நாகபுரியில் முடிந்தது அகோலேயில் முடியாதா?

நம் தமிழ்நாட்டுக்கும் இதில் வேலை இருக்கிறது. ஆனைமலைப் புலிகள் காப்பகத்தில் மின்மினிகள் ஒரே நேரத்தில் சேர்ந்து மினுக்கும் செய்தி 2022-ல் பிரபலமானது. அங்கேயும் கூட்டம் திரள்வதற்கு முன்பே கட்டுப்பாடு வந்துவிட்டால் நல்லது. வெள்ளம் வரும் முன் அணை போடுவதுதானே புத்திசாலித்தனம்?

நம் கையில் இருப்பது

அரசாங்கம் செய்யும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வாசக அன்பர்கள் இந்த ஆண்டே செய்யக்கூடியவை சில உண்டு. சனி, ஞாயிறைத் தவிர்க்க முடிந்தவர்கள் லீவு போட்டு வார நாளில் போகலாம். தனித்தனிக் காராகப் போகாமல் பத்துக் குடும்பம் சேர்ந்து ஒரு பஸ் பேசலாம். வண்டியை ஊரிலேயே நிறுத்திவிட்டு நடக்கலாம். செல்போனைப் பையில் போட்டுவிடலாம். வழி பார்க்க வெளிச்சம் வேண்டுமென்றால் டார்ச்சில் சிவப்புத் தாள் ஒட்டித் தரையைப் பார்த்துப் பிடிக்கலாம். அரை மணி நேரம் ஓரிடத்தில் சும்மா நிற்கலாம். கண்ணுக்கு அந்த அவகாசம் வேண்டும். புல்லில் இறங்க வேண்டாம். பாட்டில் வேண்டவே வேண்டாம்.

என் பாட்டி ஒரு கதை சொல்வாள். தூக்கணாங்குருவி தன் கூட்டில் ஈரக் களிமண்ணை அப்பி, அதில் மின்மினியைப் பதித்து வைத்து வீட்டுக்கு விளக்கு ஏற்றுமாம். நிஜமோ பொய்யோ, குருவி ஒன்றிரண்டோடு நிறுத்திக்கொண்டது. மனிதன்தான் மொத்த மரத்தையும் அணைத்துவிட்டுத் தன் விளக்கைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

எங்கள் பதினேழு பேரும் வருகிற ஜூனில் மறுபடி போவதாகப் பேசி வைத்திருக்கிறோம். அந்த ஒன்பது வயதுப் பையனுக்கு இப்போது பத்து. அவனையும் கட்டாயம் கூட்டிப்போகிறோம். அவன் மினுக்கும் மரத்தைப் பத்து நிமிஷம் பார்த்தான். ஆனால் அவன் கையில் மிஞ்சியது கறுப்புப் பூச்சி. அந்தக் கணக்கை நாங்கள்தான் நேர் செய்ய வேண்டும்.

மூன்று வருஷங்களுக்கு முன் எழுதிய செய்தியின் கடைசி வரியையும் இங்கே திருத்திக்கொள்கிறேன். "குடும்பத்துடன் சென்று காண வேண்டிய கண்கொள்ளாக் காட்சி. விளக்கை வீட்டில் வைத்துவிட்டுச் செல்லவும்."